செங்கல்லும் நாவப்பழமும் கலந்த நிறம்

இன்றைக்கு கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குள் போய், இடது கையை முழங்கை வரைக்கும் வண்ணமாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ கூட இருந்திருந்தால் வலது கையும் தப்பியிருக்காது.

மகளுக்குத் தலை கிளிப் வாங்கத்தான் போனேன். பக்கத்து மேசையில் விற்பனைப் பெண் ஒரு இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே முழுக்கக் கன்னத்துக்குப் போடுகிற வண்ணம், வட்ட வட்டமாக, வரிசை வரிசையாக. இப்போது அதற்கு பிளஷ் என்று பேர். நம் காலத்தில் ரூஜ். "ரூஜ் இருக்குதுங்களா?" என்று கேட்டால் கடைக்காரர் ரோஸ் பவுடரை எடுத்துக் கொடுப்பாரே, அந்த ரூஜ். நான் கிளிப்பை மறந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து கையில் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி வரிசையின் மூலையில் ஒரு சின்ன வட்டம். திறந்ததும், "ஏ புள்ள, இங்க பாரு!" என்று கத்திவிட்டேன்.

விற்பனைப் பெண் ஓடி வந்து, "சொல்லுங்க மேடம்" என்றாள். அவளைக் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்ல? செங்கல்லும் நாவப்பழமும் கலந்த அந்த நிறம், நாம் கரண்டியில் உருக்கியெடுத்த அதே நிறம், கண்ணாடி மூடி போட்டு, அழகாக அச்சடித்து அங்கே உட்கார்ந்திருந்தது.

உன்னை முதலில் பார்த்தது காந்திபுரத்து மாடியில், அந்த மூன்று மாத பியூட்டீஷியன் வகுப்பில். தொண்ணூறுகளின் நடுவே அது. நான் அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். பருத்திக்காட்டில் வெயில் தின்று வளர்ந்த முகம் எனக்கு. நீ கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்த பாயின் மகள். நீ வந்தால் உனக்கு முன்னால் வாசம் வரும். இரண்டு பேருக்கு ஒரு முக்காலி, ஒரு கண்ணாடி. ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி பழகவேண்டும். நீ என்னையும் நான் உன்னையும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைத்தோல் பெண்களாகப் பார்த்து ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான்.

டீச்சர் நல்லவர். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே முகம். முதலில் பேன்கேக்கை நீரில் குழைத்து முகம் முழுக்கப் பூசி வெளுப்பாக்கவேண்டும், அதன்மேல் இரண்டு கன்னத்திலும் ரோஸ் ரூஜை வட்டமாகத் தேய்க்கவேண்டும். நீ என் முகத்தில் அப்படியே செய்தாய். செய்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாய். பிறகு நீ சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லிக்காட்டுவேன்: "மன்னிச்சுக்கோ. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு, அதுல சோப்பு டப்பாவை ஒட்டி வெச்சாப்புல இருக்கு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீச்சர் நம்மை வெளியே நிறுத்தினார். வராந்தாவில் நின்றபோதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. "நீ மூணு தரம் படியேறி எறங்கு" என்றாய். முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்க வந்து நின்றவளை வெளிச்சத்தில் திருப்பி, மோவாயைப் பிடித்துக் கன்னத்தை உற்றுப் பார்த்தாய். உன் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"ரோஸ் எங்க இருக்கு? எங்கயும் இல்ல புள்ள! நமக்கு ரத்தம் ஏறுனா செங்கல்லு தெரியுது, உள்ளாற கொஞ்சம் நாவப்பழம் தெரியுது. இந்தக் கலரை எவனும் விக்கறதில்ல!"

அன்றிலிருந்து நமக்கு வேறு வேலை இல்லை. வகுப்பு முடிந்ததும் டவுன்ஹால் பக்கம் போய் ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறுவோம். "ஒப்பனைக்கார வீதின்னு நமக்குன்னே பேரு வெச்சிருக்காங்க" என்று எழுத்தை மாற்றிச் சொல்லி நீயே சிரித்துக்கொள்வாய். என் இடது கன்னத்தில் ஒரு நிறம், வலது கன்னத்தில் ஒரு நிறம் போட்டு நடத்திக் கூட்டிப்போவாய். வளையல் கடைக்காரரிடம், பூக்காரம்மாவிடம், டைலரிடம், "ஏனுங்க, எந்தக் கன்னம் நல்லா இருக்குதுங்க?" என்று கூச்சமே இல்லாமல் கேட்பாய். பூக்காரம்மா மட்டும்தான் நிஜத்தைச் சொன்னார்: "ரெண்டும் வேணாங்கண்ணு. காச்சக்காரியாட்ட இருக்குது."

கடைகளில் கிடைக்காது என்று தெரிந்ததும் நாமே செய்வதென்று முடிவெடுத்தாய். உன் வீட்டுச் சமையலறையில், உன் அம்மா மதியத் தொழுகைக்கு உட்கார்ந்த நேரத்தில், உபயோகித்து மீந்த லிப்ஸ்டிக் துண்டுகளைக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினாய். மெரூன் ஒன்று, பிரவுன் ஒன்று, பழுப்புச் சிவப்பில் ஒன்று, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு. ஊற்றி வைக்க ஒரு சின்ன டப்பா வேண்டியிருந்தது. தலைவலித் தைலம் தீர்ந்துபோன டப்பா கைக்கு வந்தது. அதைக் கழுவவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஆறியதும் என் கன்னத்தில் தொட்டு வைத்தாய். நிறம் பிரமாதம். நீ கண்ணாடியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, குதித்தாய். அரை நிமிஷம்தான். பிறகு எரிய ஆரம்பித்தது பார், கன்னம் இரண்டும் நெருப்பாகி, கண்ணில் தண்ணீர் கொட்ட, நான் குழாயைத் தேடி ஓட, நீ பின்னாலேயே ஓடிவந்து, "கழுவாத, கழுவாத, இப்பத்தான் சரியான கலர் வந்திருக்கு!" என்றாய். உன் அம்மா தொழுகை முடித்து வந்து பார்த்தபோது நான் வாளிக்குள் முகத்தை வைத்திருந்தேன்.

இரண்டாவது தடவை புது டப்பாவில் ஊற்றினோம். அதுதான் காங்கேயத்துக் கல்யாணத்துக்கு நம்மோடு வந்த டப்பா.

அந்தக் கல்யாணத்தை நமக்குப் பிடித்துக் கொடுத்தது என் சித்தி. நமக்கு முதல் மணப்பெண். பெண் வீட்டுக்கு அங்கே எண்ணெய் மில். வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேங்காய்ப் பருப்பு காயப்போட்ட களம். பூங்கொடி என்று பேர். களத்து வேலையை அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். நல்ல கறுப்பு, நெற்றியெல்லாம் எண்ணெய் பூசினதுபோல் ஒரு மினுக்கு. "பேரக் கெடுத்துப்போடாத" என்று சித்தி பஸ் ஏறும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்.

காலை ஆறு மணிக்கு மாடி அறையில் பெட்டியைத் திறந்தோம். கிழக்கே பார்த்த ஜன்னல். பூங்கொடியின் அம்மா வந்து நின்று, கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "ஏனுங்கம்மணி, நல்லாச் செவப்பாப் பண்ணிப்போடுங்க. மூணு எடம் கலர்னாலதான் தட்டிப்போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப நானே பவுடரு போட்டுத்தான் உக்கார வெச்சேன். வீடியோ வேற எடுக்கறாங்க."

"பண்ணிர்றோமுங்க" என்றாய் நீ.

அவர் போனதும் நான் பேன்கேக்கைக் குழைக்க ஆரம்பித்தேன். நீ அவளுக்குப் பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு கன்னம் முடித்தேன். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் அவளுடையது. அவள் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு மூஞ்சி கழுவுனா என்னங்க்கா பண்றது?"

நான் ஸ்பஞ்சை நிறுத்தினேன்.

"அவரு கொடுமுடியிலிருந்து வந்து என்னையப் பாத்துட்டுப் போனாருங்க. ஆனா இன்னும் என்னையப் பாக்கவே இல்லீங்க்கா."

நீ பின்னலை விட்டுவிட்டாய். என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாய். அங்கே நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கிசுகிசுத்தே போட்ட சண்டை.

"வெள்ளையைத் தொடச்சுரலாம்" என்றாய்.

"வெளையாடாத. அந்தம்மா செவப்பாக் கேட்டிருக்காங்க."

"அவங்க கேட்டது செவப்பு. நீ பூசறது வெள்ளை. நான் நெசமாவே செவப்புத்தான் குடுக்கப் போறேன்."

"எங்க சித்தி பேரு என்னாகறது?"

"இது அவ மூஞ்சி புள்ள" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. முதல் வேலை இப்படிப் போனால் அன்னூரில் யாரும் கூப்பிடமாட்டார்கள், என் அப்பா அடுத்த நாளே எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார். அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால், நாம் சண்டை போட்டு முடிக்கும் வரை பூங்கொடி காத்திருக்கவில்லை. துண்டைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைக் கன்னத்தை அவளே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்த அந்த முக்கால் மணி நேரத்தில் நீ தரையிலேயே நிற்கவில்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் பறந்தாய். "சிரி கண்ணு. சிரிச்சா கன்னம் எங்க எழும்புதோ அங்கதான் வெக்கோணும்" என்றாய். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே நீ தைல டப்பாக் கதையை எடுத்துவிட்டாய், என் வாளி வரைக்கும். அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் களத்துக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். "அப்படியே இரு, அப்படியே இரு!" என்று எழும்பிய இடத்தில் விரல் நுனியால் தொட்டு வைத்தாய். தேய்க்கவில்லை, தட்டினாய். காது பக்கமாக மேலே ஏற்றினாய். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கரைத்தாய். அதே நிறத்தில் இமைமேல் ஒரு தொடல், உதட்டில் கொஞ்சம். கண்ணுக்கு நான் மை இட்டேன். மூக்குநுனியில் மட்டும் பவுடர். அவளை எழுப்பி ஜன்னலண்டை நிறுத்தினாய். சூரியன் அப்போதுதான் களத்துக்கு மேலே வந்திருந்தது.

கறுப்பு கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் உன் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் அம்மா வந்தார். மகளைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். "மேக்கப்பு எங்கீங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களா?" என்றார். கீழே மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார். பூங்கொடி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங்கம்மா" என்றாள். "நான் இப்படியே போறேனுங்க."

அவ்வளவுதான். அம்மாவின் கையில் டப்பா அப்படியே நின்றது. அந்தம்மா அழுதார். என்னை ஒரு பார்வை பார்த்தார், சித்தியின் பேர் அதோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கி அவள் மணவறைக்குப் போனபோது நாம் தூணுக்குப் பின்னால் நின்றோம். வீடியோ வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீரை அவருக்குச் செய்துவிட்டுப் பக்கத்தில் நின்ற தன் அக்காவின் பக்கம் குனிந்து காதில் ஏதோ கேட்டார். அந்த அக்கா நிமிர்ந்து, கூட்டத்தில் நம்மைத் தேடிக் கண்டுபிடித்தார். உன் கை என் கைக்குள் ஜில்லென்று வேர்த்திருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் அந்த அக்கா நேராக நம்மிடம் வந்தார். பெரிய உடம்பு, பட்டுச்சேலை சரசரக்க, பூங்கொடியைவிட ஒரு மாற்றுக் கூடுதல் கறுப்பு.

"மேக்கப்புக்கு வந்தவீங்க நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த புள்ள இதுதானான்னு தம்பி கேக்கறானுங்க. ஆமாடான்னேன். அப்பறம் எதுக்கு அன்னைக்கு மூஞ்சிய மறைச்சு வெச்சிருந்தாங்கன்னு கேக்கறான்." அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த டப்பாவுல மிச்சம் இருக்குதுங்களா அம்மணி? எனக்குக் கொஞ்சம் வெச்சுவுடுங்க."

அந்த மாடி அறை அப்புறம் என்ன பாடு பட்டது! அவருக்குப் பின்னால் அவர் நாத்தனார், நாத்தனாருக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள், சமையல் பக்கத்திலிருந்து ஈரக் கையோடு ஒரு அம்மா. எல்லாரும் ஜன்னலண்டை வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கன்னம், ஆளுக்கொரு சிரிப்பு. ஒருத்திக்கு நாவப்பழத்தை ஏற்றினாய், இன்னொருத்திக்குச் செங்கல்லை. டப்பாவின் அடியை ஹேர்பின்னால் சுரண்டினோம். பூங்கொடியின் அம்மா மட்டும் வரவில்லை. போகும்போது வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டியவர், நம் முகத்தைப் பார்க்கவே இல்லை. சித்தி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதத்துக்கு யாரும் நம்மைக் கூப்பிடவும் இல்லை. கொடுமுடியிலிருந்து அந்த அக்காவே கல்யாணம் நிச்சயமான தன் சின்ன நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கோட்டைமேட்டில் உன் வீட்டுக் கதவைத் தட்டினபோதுதான் நம் தொழில் ஆரம்பித்தது.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து முக்காடு பறக்கப் பறக்க நீ பேசிக்கொண்டே வந்தாய். அடுத்த டப்பாவில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது. திடீரென்று நிறுத்தி, "நானும் பயந்துதான் போனேன் புள்ள. பூங்கொடி தொடைக்கலீன்னா, நான் தொடைச்சிருப்பேனான்னு தெரியல" என்றாய். உன்னைத் தைரியசாலி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிற நான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் உன்னை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

ஆறு வருஷம் சேர்ந்து செய்தோம். நீ கல்யாணமாகிப் பொள்ளாச்சி போனாய், போனில் வண்ணங்களைப் பற்றிச் சண்டை போட்டோம். பிறகு அந்த வியாதி வந்தது. மருந்து உன் முகத்தைச் சாம்பலாக்கியிருந்தது. உன் மகன் நிக்காஹுக்கு நாலு நாள் முன்னால் போன் செய்து, "பொட்டியை எடுத்துட்டு வா. துக்க மூஞ்சியோட வராத" என்றாய்.

ஒன்பது நிறங்களோடு வந்தேன். தலையணையில் சாய்ந்து, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீ எட்டையும் தள்ளினாய். "இது மய்யித்துக்கு, பொணத்துக்குப் போடற கலரு. இது உன்னோட கலரு, என்னுது இல்ல. இதைப் போட்டா மருமக ஓடிப்போயிருவா." சிரித்தால் உனக்கு இருமல் வரும், இருமினாலும் நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்பதாவதையும் மூன்றாவதையும் என் உள்ளங்கையில் குழைத்து உன் கன்னத்தில் வைத்தேன். கண்ணாடியை வெகுநேரம் பிடித்திருந்தாய். "பரவால்ல, தேறிட்டே" என்றாய். நிக்காஹ் அன்றைக்கு நீ மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது உன் சம்பந்தியம்மா என்னிடம், "இவங்களுக்கா உடம்பு சரியில்லைங்கறாங்க?" என்று கேட்டார். எனக்கு அந்த நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தேன். அன்றைக்குப் பெட்டி எடுத்து வரவில்லை. வெள்ளைத் துணிக்குள் உன் முகம் கழுவித் துடைத்து, எதுவும் இல்லாமல், உன் முகமாகவே இருந்தது.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீ கற்றுக்கொடுத்ததில்லை, உனக்கே தெரிந்திருக்காது. ஒரு முகத்தைத் தொடுவதற்கு முன்னால் நீ இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாய். வண்ணத்தில் இருக்கிற மெழுகு நன்றாகக் கரையத்தான் என்று நான் நினைத்திருந்தேன். போன தை மாதத் தொடக்கத்தில் அன்னூரில் ஒரு நிச்சயதார்த்தம். கொட்டும் பனி, விடிந்தும் விடியாத நேரம். அந்தப் பெண் பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையைத் தேய்த்து அவள் கன்னத்தில் வைத்தேன். அவள் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, "உங்க கை எத்தன சூடா இருக்குதுங்க்கா" என்றாள்.

அது யாருடைய பழக்கம் என்று சொல்ல ஆரம்பித்தால் உன் கதை முழுக்க வந்துவிடும், முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"சிரி கண்ணு" என்றேன். "எங்க எழும்புதுன்னு பாக்கோணும்."